கடல் உள்வாங்கியதாம்!

போன சித்திரைப் பௌர்ணமி அன்று சாயங்காலம் வழக்கம்போல் மலையைச் சுற்றி வரக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பணி ஓய்வு பெற்ற வருடத்திலிருந்து நம்ம கழுகுமலை கிரிவலத்தை முடிந்தவரை விடுவதில்லை. முழங்கால் வலி வந்த பிறகு பாதி வழியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுந்துதான் போகிறேன். சட்டையை மாட்டும்போது செல்போன் அடித்தது. தங்கச்சி மகள்.

"மாமா, டிவி பாத்தீங்களா? திருச்செந்தூர்ல கடல் நூறு அடி உள்ள போயிருச்சாம்."

"சரிம்மா, அதுக்கென்ன?"

"என்ன மாமா இப்படிக் கேக்கீங்க? நாளைக்கழிச்சு நம்ம அங்க போகணும்ல?"

அவளுடைய மகனுக்கு முதல் மொட்டை, காதுகுத்து. வேனுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. தாய்மாமன் சீர்வரிசை எல்லாம் வாங்கிக் கட்டி வைத்தாயிற்று. நான் எவ்வளவோ சொன்னேன். "இன்னைக்குப் பௌர்ணமி, கடல் அப்படித்தான் இருக்கும், ராத்திரிக்குள் திரும்பி வந்துவிடும்" என்றேன். அவள் சமாதானம் ஆகிவிட்டாள். ஆனால் அவளுடைய மாமியார் ஆகவில்லை. "கடலே பின்னால போகுது, சகுனம் சரியில்ல, பச்சப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு இப்பப் போக வேண்டாம்" என்று ஒரே பிடிவாதம். பயணம் தள்ளிப் போனது. வேன்காரர் முன்பணத்தில் பாதியைத்தான் திருப்பிக் கொடுத்தார். பணம் போனால் போகிறது. நல்ல காரியம் நின்றுபோனதே என்று அந்தப் பெண் அழுததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று மலையைச் சுற்றும்போது மனசு முழுக்க இதுதான் ஓடியது. தலைக்கு மேலே நிலா. அதைப் பார்த்துத்தான் நாங்கள் இத்தனை பேர் நடக்கிறோம். அங்கே கடலை இழுத்துக்கொண்டிருப்பதும் அதே நிலாதான். இங்கே அது புண்ணிய நாள், அங்கே அது பீதி நாள் என்றால் என்ன நியாயம்? வீட்டுக்கு வந்ததும் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் கடல் விஞ்ஞானி இல்லை, தபால் துறையில் இருந்தவன். 1988-ல், நம் மாவட்டத்துக்குச் சிதம்பரனார் மாவட்டம் என்று பெயர் இருந்த காலத்தில், திருச்செந்தூர் பக்கம் ஒரு கடற்கரைச் சிற்றூருக்கு மாற்றல் வந்தது. ஒன்பது வருடம் அங்கே இருந்தேன். நான் குடியிருந்த வாடகை வீட்டின் பின்வாசல் கதவைத் திறந்தால் மணல், மணலைத் தாண்டினால் கடல். ஒன்பது வருடமும் தினம் இருவேளை அந்தத் தண்ணீரைப் பார்த்தவன் என்பதுதான் என் தகுதி.

முதல் மாதம் நானும் பயந்தவன்தான். ஒரு நாள் காலையில் பின்வாசலைத் திறந்தால் கடலைக் காணோம். காணோம் என்றால், முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் நின்ற இடத்தில் ஈர மணல் கிடந்தது. அதற்கு அப்பால் பச்சைப் பாசி பிடித்த பாறைகள் வரிசையாக முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. அதற்கும் அப்பால்தான் அலை. நம் கரிசல் காட்டு ஆளுக்கு அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கத்தானே செய்யும்?

யோசித்துப் பாருங்கள். நமக்குத் தெரிந்த தண்ணீர் கம்மாய்த் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் நிறையும். தை, மாசியில் இறங்கும். பங்குனியில் கரையோரம் வெடிப்பு விடும். இறங்கின தண்ணீர் இறங்கினதுதான். அடுத்த ஐப்பசியில் மழை பெய்தால் உண்டு, பொய்த்தால் இல்லை. மானாவாரியில் கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் நாம். தண்ணீர் பின்னால் போகிறது என்றால் நமக்கு அது நஷ்டம், பஞ்சம், கெட்ட காலம். நாம் கடலைப் பார்த்துப் பயப்படுவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கம்மாய்க் கண்தான் என்று எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. அந்த மாமியாரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அம்மாவுக்குக் குருவிகுளம் பக்கம் பிறந்த ஊர். தண்ணீர் போனால் போனதுதான் என்று பார்த்து வளர்ந்தவர்.

என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். கடல் தொழிலில் ஐம்பது வருடம் கழித்தவர். எல்லாரும் அவரைப் பாட்டா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அன்று நான் பின்வாசலில் திகைத்து நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"என்ன போஸ்ட்மாஸ்டரே, தண்ணியத் தேடுதியளா?"

"ஆமா பாட்டா, எங்கே போச்சு?"

"அது எங்கயும் போகல. இது வத்தம். இன்னைக்கு அமாவாசைல்லா? மத்தியானத்துக்கு மேல உங்க வாசலுக்கு வந்துரும். வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போகும்."

சொல்லிவிட்டு ஒரு குச்சியை எடுத்து, ஈர மணலில் நடு இடத்தில் நட்டு வைத்தார். "இதப் பாத்துக்கிட்டே இரும்" என்றார். நான் ஆபீசுக்குப் போய்விட்டு மத்தியானம் சாப்பிட வந்தபோது குச்சியின் கால்பாகம் தண்ணீரில் நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் குச்சியே தெரியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது. குச்சி நடுவேன், நேரம் குறிப்பேன். பழைய மணியார்டர் ரசீதுகளின் முதுகில் குறித்த அந்தக் கணக்கு இன்னும் பரண் மேல் ஒரு தகரப்பெட்டியில் கிடக்கிறது. அதிலிருந்து நான் தெரிந்துகொண்டதை நம் ஊர்க்காரர்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன்.

கடலில் ஒரு நாளைக்குப் பெரும்பாலும் இரண்டு ஏத்தம், இரண்டு வத்தம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஓதம் என்று படித்தோமே, அதுதான் இது. ஏத்தத்துக்கும் அடுத்த வத்தத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நிலா பூமியை இழுக்கிறது. தண்ணீர் இளகிய பொருள் என்பதால் அந்த இழுவை அதில் கண்ணுக்குத் தெரிகிறது. நிலா ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி உதிக்கிறது. நம் தாத்தாமார் இதையே இரண்டு நாழிகை என்று சொல்லுவார்கள். இரண்டு நாழிகை என்றால் 48 நிமிடம். ராத்திரி காட்டுக்குக் காவலுக்குப் போனவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் நிலா எப்போது எழும் என்று சொன்னார்கள். கடலும் அதே கணக்குத்தான். இன்று காலை 7 மணிக்கு வத்தம் என்றால் நாளை 8 மணிக்குப் பத்து நிமிடம் முன்னே வரும்.

சூரியனும் இழுக்கிறது, ஆனால் நிலாவைவிடக் குறைவாக. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே வரிசையில் வருவதால் இரண்டு இழுவையும் சேர்ந்துகொள்ளும். அந்த நாட்களிலும் அதற்கு அடுத்த ஓரிரு நாட்களிலும் ஏத்தம் அதிகமாக ஏறும், வத்தம் அதிகமாக இறங்கும். அஷ்டமி வாக்கில் இரண்டும் வேறு வேறு திசையில் இழுப்பதால் ஏத்தமும் வத்தமும் அடங்கியிருக்கும். நாம் அஷ்டமி நவமியில் நல்ல காரியம் செய்ய மாட்டோம். கடலும் அப்போது பெரிய காரியம் எதுவும் செய்வதில்லை!

இன்னொரு வேடிக்கை. ஒரு நாளைக்கு 50 நிமிடம் தள்ளிப் போனால் பதினைந்து நாளில் பன்னிரண்டரை மணி நேரம் தள்ளிப் போகும். அதாவது ஒரு முழுச் சுற்று. ஆகவே ஒரே ஊரில் ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வத்தம் ஏறக்குறைய அதே மணிக்குத்தான் வரும். காலண்டரும் கடிகாரமும் இருந்தால் போதும். எந்தக் கருவியும் வேண்டாம்.

இப்போது அந்த நூறு அடி விஷயத்துக்கு வருகிறேன். நூறு அடி என்றதும் நாம் நூறு அடி ஆழத்துக் கிணறு வற்றினதுபோல் நினைத்துக்கொள்கிறோம். தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கம் கடல் மட்டம் செங்குத்தாக ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் கரை சாய்வாக இருக்கிறது. ஐம்பது அடி நடந்தால் ஒரு அடி இறங்கும் அளவுக்குத் தட்டையான கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தண்ணீர் இரண்டடி இறங்கினால் கரையோரம் நூறு அடி பின்னால் போயிருக்கும். கணக்கு அவ்வளவுதான். நம் ஊரிலேயே கம்மாயின் தட்டையான பக்கத்தில் ஒரு சாண் தண்ணீர் குறைந்தால் பத்தடி சேறு தெரிகிறது. கரைப் பக்கம் பார்த்தால் ஒன்றும் தெரிவதில்லை.

குஜராத்தில் காம்பே வளைகுடாவில், பாவ்நகர் பக்கம், கடல் பத்து மீட்டர் அளவுக்கு ஏறி இறங்குகிறது. கனடாவில் ஃபண்டி வளைகுடா என்ற இடத்தில் 16 மீட்டர் வரை. ஐந்து மாடிக் கட்டட உயரம்! அங்கே தினம் இரண்டு தடவை கடல் தரை தெரிய, ஜனங்கள் இறங்கி நடந்துவிட்டு வருகிறார்கள். அங்கே யாராவது "கடல் உள்வாங்கியது, பொதுமக்கள் அச்சம்" என்று செய்தி போட்டால் சிரிப்பார்கள்.

நம் ஊரிலோ மாதம் இரண்டு தடவை இது செய்தி. திருச்செந்தூரில் ஐயா வைகுண்டர் அவதாரபதிப் பக்கம் பாறைகள் தெரியும். படம் எடுப்பார்கள். ஒரு நாள் 50 அடி, ஒரு நாள் 80 அடி, ஒரு நாள் 100 அடி. "திடீரென உள்வாங்கியது" என்று எழுதுவார்கள். போன அமாவாசைக்கும் இதே நேரத்தில் இதே பாறை தெரிந்ததே, இதில் திடீர் எங்கே வந்தது? செய்தியின் கடைசி வரியில், "அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இது வழக்கமானது என்று மீனவர்கள் கூறினர்" என்று ஒரு வாக்கியம் இருக்கும். அந்த வரி தலைப்பாக வந்திருந்தால் என் தங்கச்சி மகள் அழுதிருக்க மாட்டாள்.

"பெரியவரே, ஒரு சின்னச் செய்திக்கு ஏன் இவ்வளவு கோபம், ஒரு காதுகுத்துத் தள்ளிப் போனதற்காகவா?" என்று கேட்பீர்கள். காதுகுத்து ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு உள்ள பயம் வேறு.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா அருகே காலை 6 மணி 28 நிமிடத்துக்குப் பெரிய பூகம்பம். இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் அலை தமிழ்நாட்டுக் கரைக்கு வந்துவிட்டது. நம் மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் போனார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான் மிக அதிகம். பல இடங்களில் அலை வருமுன் கடல் வற்றிப் போனது. துள்ளிய மீனைப் பொறுக்கவும் வேடிக்கை பார்க்கவும் ஜனங்கள் இறங்கிப் போனார்கள். குழந்தைகள் முதலில் போனார்கள்.

அன்று பௌர்ணமி. இது பலருக்கு மறந்துவிட்டது. பூகம்பத்தால் வந்த அலைக்கும் பௌர்ணமிக்கும் சம்பந்தம் இல்லை. நாள் அப்படி அமைந்துவிட்டது. ஆனால் பௌர்ணமி, கடல் உள்வாங்குதல், சுனாமி என்ற மூன்றும் நம் ஜனங்களின் மனசில் அன்றைக்கு ஒரே முடிச்சாக விழுந்துவிட்டன. அந்த முடிச்சை அவிழ்த்துச் சொல்ல யாரும் மெனக்கெடவில்லை. மாதாமாதம் இறுக்கிக்கொண்டு மட்டும் இருக்கிறார்கள்.

சுனாமிக்கு இரண்டு வாரம் கழித்து நான் பாட்டாவைப் பார்க்கப் போயிருந்தேன். இலங்கை குறுக்கே நிற்பதால் நம் மாவட்டக் கரை நாகப்பட்டினம் அளவுக்கு அடிபடவில்லை. ஆனாலும் அன்று தண்ணீர் வழக்கமில்லாமல் போய்ப் போய் வந்ததைக் கரையில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். பாட்டா அப்போது எண்பதைத் தாண்டியிருந்தார். "எனக்கு இந்த வயசுல அப்படி ஒண்ணு தெரியாது போஸ்ட்மாஸ்டரே. எங்க அப்பனும் சொன்னதில்ல. ஆனா போன வேகம் சரியில்லன்னு தெரிஞ்சுது. ஆறு மணி நேரத்துல போற தண்ணி ஆறு நிமிசத்துல போனா அது வத்தம் இல்லல்லா? பிள்ளைகள ஊருக்குள்ள ஏறுங்கலன்னு சத்தம் போட்டேன்" என்றார்.

நான் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. வேகம் சரியில்லை என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? சரியான வேகம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆயுசு முழுக்க வத்தத்தைப் பார்த்தவருக்குத்தான் வத்தம் இல்லாததை அடையாளம் தெரியும். நாமோ வத்தத்தையே சுனாமி என்று மாதம் இரண்டு முறை பயமுறுத்திக்கொண்டிருக்கிறோம். இருபத்திநான்கு முறை பயந்து, இருபத்திநான்கு முறையும் ஒன்றும் ஆகவில்லை என்றால், இருபத்தைந்தாவது முறை என்ன செய்வோம்? செல்போனை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போய்ப் படம் எடுப்போம். இப்போதே அதுதான் நடக்கிறது. புலி வருது, புலி வருது என்ற கதைதான்.

இந்தோனேசியாவில் சிமலூ என்று ஒரு தீவு. 2004 பூகம்பம் நடந்த இடத்துக்கு மிக அருகே உள்ளது. 1907-ல் அங்கே ஒரு பேரலை வந்து ஏராளமானோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்தத் தீவுக்காரர்கள் அந்த அலைக்கு "ஸ்மோங்" என்று பெயர் வைத்துப் பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் வற்றினால் மலைக்கு ஓடு என்பதுதான் அதன் சாரம். 2004-ல் அந்தத் தீவில் ஏறத்தாழ 78,000 பேர் இருந்தார்கள். இறந்தவர்கள் ஏழு பேர். சைரனும் கிடையாது, செல்போனும் கிடையாது. தொண்ணூற்றேழு வருடம் பாட்டிமார் சொன்ன கதை காப்பாற்றியது.

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது இங்கிலாந்துச் சிறுமி, கடல் நுரைத்துக்கொண்டு பின்வாங்குவதைப் பார்த்துச் சுனாமி என்று கத்தினாள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் பள்ளிக்கூடத்தில் புவியியல் பாடத்தில் படித்திருந்தாளாம். அவளால் அந்தக் கடற்கரையில் ஏறத்தாழ நூறு பேர் தப்பினார்கள். தீவுப் பாட்டிக்கும் பள்ளிச் சிறுமிக்கும் பொதுவான விஷயம் ஒன்றுதான். எது வழக்கம், எது வழக்கமில்லை என்று அவர்களுக்கு யாரோ முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்தார்கள்.

இப்போது நம் நாட்டிலும் ஏற்பாடு இருக்கிறது. ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தில் 2007-லிருந்து சுனாமி எச்சரிக்கை மையம் வேலை செய்கிறது. பெரிய அலை வருமா என்பதையும் அவர்கள் முன்கூட்டிச் சொல்கிறார்கள். இந்திய நில அளவைத் துறை, எந்தத் துறைமுகத்தில் எந்த நாளில் எத்தனை மணிக்கு ஏத்தம், வத்தம் என்று வருடா வருடம் அட்டவணை போடுகிறது. குறை எங்கே என்றால், இவை கரையில் நிற்கிற மனிதன் காதுக்கு வந்து சேர்வதில்லை. வந்தாலும் நாம் கேட்பதில்லை.

2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கணபதிபுரம் பக்கத்துக் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து பிள்ளைகளை அலை கொண்டுபோனது. அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. கள்ளக்கடல் என்பது எங்கோ தெற்கே, பெருங்கடலில் அடித்த புயற்காற்றால் எழும்பிய அலை இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறுவது. திருடனைப்போல் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பெற்றவர்களை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. பயப்பட வேண்டாத வத்தத்துக்குத் தலைப்புச் செய்தி, பயப்பட வேண்டிய எச்சரிக்கைக்கு ஒரு மூலையில் இரண்டு வரி என்று இருந்தால் யார் எதை நம்புவார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏத்தமும் வத்தமும் போய்த் திரும்பி வருபவை. போனால் திரும்பாதவை வேறு இருக்கின்றன. திருச்செந்தூர்க் கோவில் முன்பு அண்மை ஆண்டுகளில் மணல் அரித்து, கரை படிபோல வெட்டுப்பட்டதை நானே பார்த்தேன். நாங்கள் சஷ்டிக்கு உட்கார்ந்த இடத்தில் இப்போது அலை அடிக்கிறது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் 21 தீவுகள் என்று படித்தோம். அவற்றில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டும் கடலுக்குள் அமிழ்ந்துவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியமான காரணம். தீவு போனது எத்தனை பேருக்குத் தெரியும்? பாறை தெரிந்தது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே எனக்குச் சில ஆசைகள் உண்டு. பெரிய செலவு எதுவும் இல்லை.

திருச்செந்தூர்க் கடற்கரையில் ஒரு பலகை வைக்கட்டும். இன்றைய ஏத்தம் இத்தனை மணி, வத்தம் இத்தனை மணி என்று தினமும் எழுதட்டும். கோவிலில் நடை திறக்கும் நேரம், பூஜை நேரம் எழுதிப் போடுகிறோமே, அதுபோல. அதன் கீழே இரண்டு வரி நிரந்தரமாக இருக்கட்டும்: மணிக்கணக்கில் மெதுவாகப் போகும் தண்ணீர் வழக்கமானது. நிமிடக்கணக்கில் தண்ணீர் விறுவிறுவென்று போனாலோ, நிலம் பலமாக ஆடினாலோ, நிற்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். தண்ணீர் வற்றித்தான் சுனாமி வரும் என்றும் இல்லை, வற்றாமலும் வரும். அதனால் எச்சரிக்கை வந்தால் கடலைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதலாம்.

செய்தி போடுகிறவர்கள் "உள்வாங்கியது" என்ற வார்த்தையைச் சுனாமிக்கென்று ஒதுக்கி வைக்கட்டும். மற்ற நாட்களுக்கு "வத்தம்" என்ற நல்ல தமிழ்ச் சொல் கடற்கரையில் சும்மா கிடக்கிறது. அதை எடுத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது நமக்கு. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் திதி போட்டிருக்கிறது. நாம் அதைப் பார்த்துத்தான் விரதம் இருக்கிறோம், கிரிவலம் போகிறோம், அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கிறோம். கடலுக்குப் போகும்போதும் அதே திதியை ஒரு தடவை பாருங்கள். பேரன் பேத்திகளைக் கூட்டிப் போனால், இன்றைக்குப் பௌர்ணமி, தண்ணீர் தூரத்தில் இருக்கும், சாயங்காலம் வேறு மாதிரி இருக்கும் என்று சொல்லிக் கொடுங்கள். பாசி பிடித்த பாறையில் ஏற விடாதீர்கள். நானே முதல் வருடம் அதில் வழுக்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டவன். இன்றைய மூட்டு வலிக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி.

காதுகுத்து என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வைகாசியில் நாள் பார்த்துப் போய் வந்துவிட்டோம். நான் காலண்டரைப் பார்த்தேன், பௌர்ணமிக்கு ஒரு நாள் முன்பு. வாயைத் திறக்கவில்லை. மொட்டை போட்டு, காது குத்தி, குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிவிட்டது. அந்த மாமியாரைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். பாறைகள் தெரிந்தன. அந்த அம்மா முகம் மாறியது. நான் கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்து ஈர மணலில் நட்டேன்.

"அண்ணாச்சி, என்ன செய்றீங்க?"

"ஒண்ணுமில்ல மதினி. சாப்பிட்டுட்டு வந்து பாப்போம்."

மண்டபத்தில் பந்தி முடிந்து, வெயில் கொஞ்சம் தாழ்ந்த பிறகு திரும்பி வந்தோம். குச்சி நின்ற இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். ரெண்டு பிள்ளைகள் அதில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "நம்ம கம்மாயும் இப்படித் திரும்பி வந்தா எப்படி இருக்கும்!" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பாட்டா இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்.